பினாங்கில் வீட்டுக்காரரும் குடியிருந்தோரும்

வீட்டுக்காரர் என்றால் கல்நெஞ்சர், குடியிருப்பவர் என்றால் ஏழை என்று நம்மவர் எண்ணுவது வழக்கம். வீடுடையாரைக் கேட்டாலோ, குடியிருப்பவன் வாடகையும் ஒழுங்காகக் கொடான், வெளியேறவும் மாட்டான் என்று முறையிடுவர். இவ்விரு பேச்சிலும் மெய் எவ்வளவு என்று அறிய விரும்புவோர், பினாங்கு ஜார்ஜ் டவுனில் அரை நூற்றாண்டு நடந்த வாடகைக் கட்டுப்பாட்டின் சரித்திரத்தைச் சற்று நோக்குதல் வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசின. வீடுகள் பல அழிந்தன. 1945-இல் யுத்தம் ஒழிந்தபோது இருக்க இடமோ குறைவு, இடம் தேடுவாரோ மிகுதி. வாடகையை வீட்டுக்காரர் இஷ்டத்திற்கு விட்டிருந்தால் கூலி ஜனங்கள் தெருவில் நின்றிருப்பர். ஆகவே சர்க்கார் குறுக்கிட்டது. இது மலாயாவில் பிறந்த புதுமையன்று. முதல் உலக யுத்தத்தின்போது, 1915-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மேரி பார்பர் முதலிய பெண்கள் உயர்த்திய வாடகையைக் கொடோம் என்று மறுத்து நின்றனர். ஆயுதத் தொழிற்சாலைகளே நின்றுவிடுமோ என்று அஞ்சிய பிரிட்டிஷ் சர்க்கார், அவ்வாண்டு முடிவிற்குள் வாடகையை யுத்தத்திற்கு முந்தைய அளவில் கட்டிவைத்துச் சட்டம் செய்தது. ஏழைப் பெண்கள் பெற்ற அவ்வெற்றியின் பேரப்பிள்ளையே நம் நாட்டுச் சட்டமும் எனலாம்.

யுத்தத்தின்பின் இங்கே வந்த விதிகள் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றன. 1948 ஜனவரி 31-ஆம் தேதிக்குள் கட்டி முடிந்த கட்டடங்களுக்கு அது பொருந்தும். ஜார்ஜ் டவுன் பழைய பட்டினம். ஆகையால் இச்சட்டத்தின் முழுப்பாரமும் அதன் தலைமேல் விழுந்தது. பினாங்கில் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட கட்டடங்கள் 12,000-க்கு மேற்பட்டிருந்தன.

சட்டத்தின் வேலை எளியது. வாடகை ஏறாது, தக்க காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றவும் கூடாது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அரிசி விலை ஏறிற்று, தச்சன் கூலி ஏறிற்று, ஓட்டின் விலை ஏறிற்று. வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் திரும்பிப் பாரார். வருஷ வாடகை முழுவதும் ஒரு கூரைக்குப் போதாதென்பது அவர் கணக்கு. பிறனுடைய கூரைக்கு நான் ஏன் செலவிடவேண்டும் என்பது குடியிருப்பவர் கணக்கு. இருவர் கணக்கும் சரிதான். இடையே மரம் உளுத்தது.

இதனினும் விந்தை ஒன்று உண்டு. நம் கடைவீடுகள் முகப்பில் ஒடுங்கி, உள்ளே இரயில் வண்டிபோல் நீண்டு கிடப்பவை. வீட்டை முதலில் எடுத்தவர் அதனைப் பலகையால் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையையும் உள்வாடகைக்கு விடுவார். வீட்டுக்காரருக்குக் கொடுப்பது பழைய வாடகை. உள்குடிகளிடம் வாங்குவதோ காலத்திற்கேற்ற வாடகை. வீடு கைமாறும்போது ‘தேநீர்ப் பணம்’ என்று ஒரு தொகையும் கைமாறும். தேநீருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை! ஏழைக்காகச் செய்த சட்டத்தின் லாபத்தில் ஒரு பங்கு இவ்வாறு ஏழையல்லாதார் பைக்குப் போயிற்று. வீட்டுக்காரர் ‘தொல்லைக் குடி’ என்று வைதது பெரும்பாலும் இத்தகையோரையே. பலகைக்குப் பின்னே படுத்துறங்கிய கூலியாளை அவர் கண்டதேயில்லை.

வீட்டுக்காரர் எல்லாரும் தனவந்தர் என்று நினைப்பதும் தவறு. சீனர் குலச்சங்கங்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள் ஆகிய தர்ம ஸ்தாபனங்களுக்கும் இந்நகரில் வீடுகள் பல உண்டு. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அக்காலத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் அளித்தது. தர்மத்திற்கென்று விட்ட வீட்டின் வாடகை அதன் கூரைக்கே காணாதென்றால், அத்தர்மம் எதைக்கொண்டு நடக்கும்?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டினத்தாருக்கு இருந்த இக்காப்பும் தோட்டத்தாருக்கு இருந்ததில்லை. லயத்தில் இருப்பவன் வாடகைதாரன் அல்லன். வேலை போனால் வீடும் போகும். 1950, 60-களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கியபோது நம் ஜனங்கள் எப்பாடு பட்டார்களென்பது தோட்டத்துக் கணக்கெழுதும் எம்போன்றோர் அறிந்த கதை. அதற்குப் பரிகாரமாகவே 1960-இல் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

பட்டினத்தின் முறை பிறகு வந்தது. 1997-இல் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் பிறந்தது. 1999 டிசம்பர் 31 வரை தவணை. 2000 ஜனவரி முதல் நாள் காப்பு அகன்றது. தவணை உண்டே என்பர் சிலர். இரண்டு வருஷத்தில் மீன் விற்பவனுக்கும் துறைமுகக் கூலிக்கும் கிழவிக்கும் வேறு வீடு யார் கட்டிவைத்தார்? வாடகை பலமடங்கு ஏறிற்று. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் புறநகர்களுக்குச் சிதறின. குடியிருந்தோர் சங்கம் கூடி முறையிட்டும் பயன் சொற்பமே.

எம் குற்றச்சாட்டு வீட்டுக்காரர் மீதன்று, குடியிருந்தோர் மீதுமன்று. ஏழைக்கு வீடு தருவது சர்க்காரின் கடமை. அக்கடமையைச் சர்க்கார் ஐம்பது வருஷம் வீட்டுக்காரர் பணத்தில் நிறைவேற்றிற்று. பிறகு அப்பாரத்தைத் தான் ஏற்காமல், குடியிருந்தோர் தலையில் இறக்கிவைத்தது.

வாடகை மலிந்திருந்ததனால் பழைய வீடுகளை இடித்து மாடமாளிகை எழுப்ப எளிதில் இயலவில்லை. அதனாலேயே அவை தப்பின. 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ, மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டடத்தோடு அங்கு வழங்கும் பல இனத்தார் வாழ்க்கையையும் மெச்சியே அப்பெருமை வந்தது. அவ்வாழ்க்கையை வாழ்ந்தவர்களில் பலர் அதற்குள் மூட்டை கட்டியாயிற்று.

காலியான வீடுகள் சிலவற்றில் வேறு குடி வந்தது. சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் எழுப்பி, உழவாரக் குருவிகளை வரவழைத்தனர். அவற்றின் எச்சிற்கூட்டைச் சீனர் சூப்பாக்கி உண்பர். ஆகையால் அக்கூட்டிற்கு நல்ல விலை. பலகைத் தடுப்பில்லை, தேநீர்ப் பணமில்லை, கோர்ட்டு வழக்குமில்லை. வீட்டுக்காரர் விரும்பிய குடி இதுவே போலும். ஆயின் எச்சமும் இரைச்சலும் பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஆகாவென்று, 2013 முடிவிற்குள் பாரம்பரிய எல்லையிலிருந்து அக்குருவிகளையும் வெளியேற்றுமாறு மாநில சர்க்கார் கட்டளையிட்டது. அவற்றுக்கும் தவணை கொடுக்கப்பட்டது.