கூட்டுச் சைக்கிள் பயணத்தில் பின்தங்குபவருக்கு மின்சார சைக்கிள் பொருந்துமா?

மட்டக்களப்பு – திருகோணமலை வீதியில் கிளிவெட்டிப் பக்கம் பெரும்பாலும் சமதரை. சைக்கிளுக்கு ஏற்ற பாதைதான். ஆனால் கச்சான் காற்று எதிரே வீசும் மாதங்களில் அதே பாதை ஏற்றமாகிவிடும். பத்துப் பேர் ஒன்றாகப் புறப்பட்டால், சிறிது தூரத்திலேயே இளையவர்கள் முன்னே போய்விடுவர். வயது போனவர்களும் போரில் காலில் காயப்பட்டவர்களும் பின்னே தனித்து நிற்பர். அவர்கள் மின்சார சைக்கிளில் வந்தால் என்ன? அது சரியான பயணமாகுமா?

இந்தக் கேள்வி புலம்பெயர் நாடுகளில் உள்ளோருக்கும் உரியது. நீதி கோரி ஐரோப்பாவில் ஈழத்தமிழர் மேற்கொண்டுவரும் ஈருருளிப் பயணம் நெதர்லாந்திலிருந்து பெல்ஜியம், லக்சம்பேர்க், ஜேர்மனி, பிரான்ஸ் வழியாக ஜெனீவாவில் உள்ள ஐ.நா. முன்றலைச் சென்றடைகின்றது. ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். பெப்ரவரி, மார்ச் மாதக் குளிரிலும் அது நடைபெற்றுள்ளது.

ஏன் பின்தங்குகின்றனர்?

சமதரையில் சைக்கிள் ஓட்டுபவரின் பெரிய எதிரி காற்று. வேகம் மணிக்கு 15 கிலோமீற்றரிலிருந்து 20 ஆக உயர்ந்தால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வலு வேண்டும். முன்னே செல்பவரை ஒட்டிச் செல்பவருக்கு இந்தச் சுமை கணிசமாகக் குறையும். அந்த மறைப்பிலிருந்து ஒருமுறை விடுபட்டவர் முழுக் காற்றையும் தனியே எதிர்கொள்ள வேண்டும். ஆகவே, உதவி அதிகம் தேவைப்படுபவரே அதை முதலில் இழக்கின்றார். மனவுறுதி குறைந்ததால்தான் அவர் பின்தங்கினார் என்று சொல்வது தவறு.

மின்சார சைக்கிள் என்பது எது?

மின்சார ஸ்கூட்டர் வேறு, இது வேறு. இதில் பெடலை மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வோட் வரையான மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீற்றருடன் நின்றுவிடும் துணைவிசையும் கொண்டவை சாதாரண சைக்கிளாகவே கருதப்படுகின்றன. 45 கிலோமீற்றர் வேகம் வரை செல்பவற்றுக்கு இலக்கத்தகடு தேவை. சுவிற்சர்லாந்தில் 2022 ஏப்ரல் முதல் மின்சார சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும்.

போட்டியும் பயணமும்

போட்டியில் மோட்டார் ஏமாற்று. 2016இல் பெல்ஜியத்தில் நடைபெற்ற உலகப் போட்டியொன்றில் ஒரு வீராங்கனையின் சைக்கிளுக்குள் மறைத்து வைக்கப்பட்ட மோட்டார் கண்டுபிடிக்கப்பட்டு, அவருக்கு ஆறு ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது. ஆனால் நினைவுப் பயணத்திலோ நீதி கோரும் பயணத்திலோ முதலிடம் என்று ஒன்றில்லை. எல்லோரும் போய்ச் சேர்வதே நோக்கம். அங்கே மோட்டாரின் துணை யாரையும் ஏமாற்றுவதில்லை.

ஒரு காலை இழந்தவருக்கும், முழங்காலில் எறிகணைச் சிதறலோடு வாழ்பவருக்கும் இது வசதி மட்டுமல்ல. வாகனத்தில் இருந்து கையசைப்பதா, மற்றவர்களோடு சேர்ந்து மிதிப்பதா என்பதையே இது தீர்மானிக்கக்கூடும். செயற்கைக்கால் பொருத்தியவர்கள் நீண்ட தூரம் செல்லுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியவை

மின்சார சைக்கிளில் வருபவர் முன்னே சென்று வேகத்தைக் கூட்டக்கூடாது. நடுவிலோ பின்னாலோ வருவதே முறை. இவ்வகைச் சைக்கிள்கள் பல 20 கிலோகிராமுக்கு மேல் பாரமானவை. அதனால் நெருக்கமாகச் செல்லும்போது பிறேக் பிடிக்க இடைவெளி விட வேண்டும். 500 வோட்-மணி பற்றரியை நிரப்ப ஏறத்தாழ அரை அலகு மின்சாரமே போதும். ஆனால் பல மணி நேரம் எடுக்கும். நடுவழியில் பற்றரி தீர்ந்தால் அந்தப் பாரம் முழுவதும் கால்களில்தான். எனவே இரவு தங்குமிடத்தில் மின்னிணைப்பு உண்டா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

கிளிவெட்டிக்கு எது பொருந்தும்?

2022 எரிபொருள் நெருக்கடியின்போது நாடு முழுவதும் மக்கள் மீண்டும் சைக்கிளுக்குத் திரும்பினர். அப்போது சாதாரண சைக்கிளின் விலையே பலருக்கு எட்டவில்லை. மின்சார சைக்கிள் அதைவிடப் பன்மடங்கு விலை. அதை எல்லோரும் வாங்கும் தீர்வாகச் சொல்லமுடியாது. குழுவுக்குப் பொதுவாக ஒன்று கிடைத்தால், மிகவும் தேவைப்படுபவருக்குக் கொடுக்கலாம். மற்றபடி செலவில்லாத வழி, மெதுவாக ஓட்டுபவரை நடுவில் விட்டு, பலமானவர்கள் மாறிமாறி முன்னே காற்றை மறைத்துச் செல்வதுதான். மின்சார சைக்கிள் வந்த பின்னரும் இந்த ஒழுங்கு மாறக்கூடாது. மாறினால், அதை வாங்க முடியாதவரே அடுத்துப் பின்தங்குவார்.

2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி முகாமில் வாழ்ந்த பின்னரே ஊர் திரும்பினர். இடப்பெயர்வில் சைக்கிள் என்றால் மூட்டையும் பிள்ளையும் வைத்து உருட்டிச் செல்வது. அன்று வேகத்தைத் தீர்மானித்தவர்கள் முதியவர்களும் குழந்தைகளும்தான். ஒருவரையும் விட்டுவிட்டுப் போகாத அந்தப் பழக்கத்துக்கு உதவுமானால், மோட்டாருக்கும் கூட்டுப் பயணத்தில் இடம் கொடுக்கலாம்.