ஜீப்புக்கு ஏன் துணிக்கூரை?

போன செமஸ்டர் லீவில் போடியில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. காரணம், வாசலில் நிற்கும் பழைய மஹிந்திரா சிஜே 3பி ஜீப். அதன் படுதா பின்பக்கம் முழுக்கக் கிழிந்து, ஐப்பசி மழையில் வண்டிக்குள் தெப்பக்குளம்.

"இன்னும் எத்தனை தடவைதான் தைக்கிறது? ஒரேயடியா தகரத்தை வெச்சு வெல்டிங் பண்ணிடலாம்" என்பது சித்தப்பா கட்சி. "அது துணி போட்டு வந்த வண்டி. துணிதான் போடணும்" என்பது தாத்தா கட்சி. காலேஜில் படிக்கிற பையன் என்று என்னிடம் தீர்ப்பு கேட்டார்கள். எனக்கு ஜீப் ஓட்டக்கூடத் தெரியாது! சரி, முதலில் இந்த வண்டிக்கு யார், எதற்காகத் துணியைப் போட்டார்கள் என்று படித்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அந்தக் கதைதான் இது.

எடைதான் வில்லன்

1940 ஜூலை. ஐரோப்பாவில் போர் மும்முரம். அமெரிக்கா இன்னும் களத்தில் இறங்கவில்லை, ஆனால் தயாராகிக்கொண்டிருந்தது. அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வண்டி வந்து நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்னொரு நிபந்தனை இதைவிட மோசம். வண்டியின் எடை 1300 பவுண்டுக்குள், அதாவது சுமார் 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும்!

அந்த எடையில் யாராலும் செய்ய முடியாது என்பது பிறகு ராணுவத்துக்கே புரிந்து, 2160 பவுண்டு (சுமார் 980 கிலோ) வரை ஏற்றிக் கொடுத்தார்கள். பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் இருந்த பேன்டம் என்ற சின்ன கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து, சில நாட்களிலேயே வரைபடத்தை முடித்து, செப்டம்பர் 23 அன்று மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பிறகு வில்லிஸ்-ஓவர்லேண்டும் ஃபோர்டும் போட்டியில் சேர்ந்தன.

வில்லிஸ் வண்டியின் இன்ஜின்தான் மூன்றிலும் வலுவானது, 60 குதிரைத்திறன். ஆனால் வண்டி நூறு கிலோவுக்கும் மேல் அதிக எடை. தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸும் அவருடைய ஆட்களும் வண்டியை முழுக்கப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமாக எடை குறைத்தார்கள். போல்ட்டின் நீளத்தையும் பெயின்ட்டின் கனத்தையும் கூட விடவில்லை என்று சொல்வார்கள். பெயின்ட்டையே எடை போட்டுப் பார்க்கிற இடத்தில் இரும்புக் கூரைக்கு எங்கே இடம்? கூரையாக வந்தது இரண்டு வளைவுக் குழாயும் அதன் மேல் ஒரு துணியும்தான். கதவே கிடையாது. ஆள் கீழே விழாமல் இருக்கக் குறுக்கே ஒரு பட்டை, அவ்வளவுதான்.

மடங்குகிற வண்டி

எடை ஒரு காரணம் என்றால் உயரம் இன்னொரு காரணம். கூரை போட்டு நிற்கும் வில்லிஸ் எம்பி ஜீப்பின் உயரம் 69¾ அங்குலம். துணியைக் கழற்றி, குழாயை மடக்கி, முன்கண்ணாடியை பானெட் மேல் படுக்கவைத்தால் அதே வண்டி 52 அங்குலம்! ஏறக்குறைய ஒன்றரை அடி குறைந்துவிடுகிறது. எதிரியின் கண்ணுக்கு ஒரு புதர் மறைத்தாலே போதும். கப்பலில் ஏற்றும்போதும் இடம் மிச்சம். போரில் பயன்பட்ட வேக்கோ சிஜி-4ஏ என்ற இன்ஜின் இல்லாத கிளைடர் விமானத்தின் மூக்கைத் தூக்கி, உள்ளே ஒரு ஜீப்பையே ஏற்றினார்கள்.

வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. அத்தனைக்கும் துணிக்கூரைதான். ஆக, சித்தப்பா நினைக்கிற மாதிரி துணி என்பது காசு இல்லாமல் செய்த ஒப்பேத்தல் வேலை இல்லை. வேண்டாத நேரத்தில் காணாமல் போகிற கூரைதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

போர் முடிந்தது, கூரைக்குத் தனிக் காசு

1945-ல் வில்லிஸ், சிஜே 2ஏ என்ற பெயரில் பொதுமக்களுக்கான ஜீப்பை விற்க ஆரம்பித்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த விலைக்கு வண்டியோடு வருவது டிரைவர் சீட் மட்டும்! பக்கத்து சீட், பின் சீட், துணிக்கூரை எல்லாம் தனிக் காசு. விவசாயிகளை நம்பிச் செய்த வண்டி அது. டிராக்டரில் கூரையா இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள் போல.

நம் நாட்டுக் கதையும் அதே 1945-ல்தான் தொடங்குகிறது. ஜே.சி.மஹிந்திரா, கே.சி.மஹிந்திரா என்ற சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து மஹிந்திரா அண்ட் முகமது என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். தேசப் பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்க ஆரம்பித்தவர்கள், பிறகு உரிமம் பெற்று இங்கேயே செய்தார்கள். 1953-ல் அமெரிக்காவில் வந்த சிஜே 3பி, அங்கே 1968-ல் நின்றுபோனது. இங்கே அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே உயர்ந்த பானெட்டோடு ஓடியது.

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தாத்தாவின் ஜீப்பும் ஒரு காலத்தில் ஏலக்காய் மூட்டை சுமந்த வண்டிதான்.

துணியிலும் ஒரு வரலாறு

பழைய ஜீப்பின் கூரைத்துணி கெட்டியாக நெய்த பருத்திக் கான்வாஸ். நம்மூர்ப் பேச்சில் கித்தான். கான்வாஸ் என்ற சொல்லே சணல் போன்ற நார் தருகிற கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் கப்பல் பாய்களை அந்த நாரில்தான் நெய்தார்கள். பருத்திக் கான்வாஸில் ஒரு நல்ல குணம் உண்டு. நனைந்தால் நூல் உப்பி, இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து அடைபட்டு, தண்ணீர் உள்ளே வராது. அதனால் புதுத் துணி முதல் மழைக்கு லேசாக ஒழுகும். ஒன்றிரண்டு முறை நனைந்து காய்ந்தபின் சரியாகிவிடும். கூடாரம் போடுகிறவர்களுக்கு இது பழைய பாடம்.

போருக்குப் பிறகு வினைல் பூசிய துணி வந்தது. அது தண்ணீரை விடாது, துடைத்தால் சுத்தம். ஆனால் காற்றோட்டம் இல்லை, குளிரில் விறைத்துச் சுருங்கும். அதனால்தான் வினைல் கூரையை வெயிலில் விரித்துப் போட்டு, துணி இளகியபிறகு மாட்டச் சொல்கிறார்கள். ஓரத்து ஜன்னலுக்குப் போடும் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளடித்து உடைவதும் அப்போது வந்த தலைவலிதான்.

1976-ல் வந்த சிஜே 7-க்கு வார்ப்பு பிளாஸ்டிக் கூரையும் இரும்புக் கதவும் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்போதும் துணிக்கூரையை நிறுத்தவில்லை. இங்கே 2010-ல் வந்த மஹிந்திரா தார் துணிக்கூரையோடு வந்தது. 2020-ல் வந்த புதிய தாரில்தான் கம்பெனியே கெட்டிக்கூரையும் துணிக்கூரையும் இரண்டையும் கொடுத்தது. தாத்தா, சித்தப்பா சண்டையைக் கம்பெனி இப்படித் தீர்த்துவைத்தது!

எங்கள் வண்டிக்கு வருவோம்

கடைசியில் தாத்தா கட்சிதான் ஜெயித்தது. ஆனால் முதலில் போன குஷன் கடையில் வண்டியைப் பார்க்காமலே, 'எல்லா ஜீப்பும் ஒண்ணுதான் சார்' என்று சொல்லித் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். மாட்டிப் பார்த்தால் முன்கண்ணாடிச் சட்டத்துக்கு நாலு விரல் எட்டவில்லை. சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

எல்லா ஜீப்பும் ஒன்றில்லை. எம்பி, சிஜே 2ஏ வண்டிகளின் முன்கண்ணாடி இரண்டு துண்டு. சிஜே 3ஏ-வில் அது ஒரே துண்டானது. சிஜே 5 உடம்பே வளைந்த வேறு உடம்பு. பெயர் ஜீப் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் சட்டை அளவு வேறு.

இரண்டாவது ஆள் வயதானவர். வந்ததும் டேப்பைக்கூட எடுக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, பெயின்ட்டைச் சுரண்டி, ஓரத்தில் பழைய ஓட்டைகளைத் தேடினார். கொக்கி, டிச் பட்டன், பட்டை கோர்க்கும் வளையம் இவை இருந்த இடமெல்லாம் பெயின்ட்டுக்கு அடியில் அப்படியே இருந்தன. வலது பக்கம் இரண்டு வரிசை. அதாவது நடுவில் யாரோ ஒருமுறை வேறு வடிவத்தில் துணி போட்டு, புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார்கள். "பழசு இதுதான்" என்று கீழ்வரிசையைக் காட்டினார். கிழிந்த துணியைத் தூக்கிப் போடாமல், தையலைப் பிரித்து, விரித்து, அதையே மாதிரியாக வைத்து வெட்டினார். மடிப்புத் தையலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தைத்தார். மேல்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே தங்கி உள்ளே இறங்குமாம்.

எனக்கு வரலாறு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது. துணி எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஓட்டைகள்தான். அதை வைத்தே ஒருவர் காணாமல் போன கூரையைத் திரும்ப வரைந்துவிட்டார்.

சித்தப்பா சொன்னதிலும் நியாயம் உண்டு

அவருடைய பயம் மழை மட்டும் இல்லை. "வண்டி உருண்டா துணி காப்பாத்துமா?" என்று கேட்டார். காப்பாற்றாது. அதில் சந்தேகமே வேண்டாம். துணி நிழலுக்கும் மழைக்கும்தான். ஆனால் தெருமுனையில் வெல்டிங் செய்த தகரமும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. அது உச்சியில் எடையை ஏற்றும், வளைவில் வண்டி சாய்வதற்குத்தான் உதவும். உருண்டால் தாங்க வேண்டியது சேஸிஸோடு சேர்த்துப் பொருத்திய கெட்டிக் குழாய்ச் சட்டமும் சீட் பெல்ட்டும். அது கூரை விவகாரத்தில் சேராத தனி விஷயம். தவிர, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

புதுத் துணி போட்ட மூன்றாம் நாள் மழை வந்தது. தையல் ஓரம் இரண்டு இடத்தில் சொட்டியது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். அடுத்த மழையில் ஒரு இடம்தான் சொட்டியது. அதற்கடுத்த மழைக்கு நான் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். போனில் கேட்டேன். "சொட்டலை" என்றார் தாத்தா. "அடுத்த தடவை கிழியட்டும், பேசிக்கலாம்" என்று பின்னாலிருந்து சித்தப்பா குரல் கேட்டது.

கண்டிப்பாகக் கிழியும். அதற்காகத்தான் பழைய துணியை மடித்துப் பரணில் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்து தைக்கிறவருக்கு அளவு வேண்டுமல்லவா!