ஓடைக்கரை மக்களின் கைகளுக்கு வர வேண்டிய வரைபடம்

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் ஊவா மாகாணத்தின் தோட்டப்புறங்களில் வாழும் மக்கள் வானத்தைப் பார்த்தபடியே இரவைக் கழிக்கும் நிலை ஏற்படுகின்றது. இடைப்பருவ மழையும் அதனைத் தொடர்ந்து வரும் வடகீழ்ப் பருவமழையுமே இம்மாகாணத்துக்கு அதிக நீரைக் கொண்டு வருகின்றன. தேயிலையை வாழ வைக்கும் அதே மழைதான் லயன் அறைகளின் அத்திவாரத்தையும் அரித்துச் செல்கின்றது.

2,036 மீற்றர் உயரமான நமுனுகுல மலையின் சாரலில் அமைந்துள்ள ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களில் பெய்யும் மழை அங்கேயே தங்கிவிடுவதில்லை. பதுளைப் பக்கச் சரிவுகளில் விழும் நீர் சிறு ஓடைகளாகத் திரண்டு பதுளு ஓயாவில் கலக்கின்றது. பதுளு ஓயா நகரை அண்டி ஓடி, துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாக விழுந்து, இறுதியில் மகாவலியைச் சென்றடைகின்றது. ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அங்கு விழும் நீரின் அளவு பத்துக் கோடி லீற்றராகும். செங்குத்தான சரிவில் அதில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே ஓடைக்கு வந்துவிடக்கூடும். ஆகவே, மேலே தோட்டத்தில் கான்கள் தூர்ந்து கிடப்பதும், கீழே நகரத்துக் கடையினுள் வெள்ளம் புகுவதும் தனித்தனி விடயங்கள் அல்ல.

அனர்த்த வரைபடம் என்பது இந்தத் தொடர்பைத் தாளில் காட்டும் முயற்சியாகும். முதலில் சம உயரக் கோடுகளைக் கொண்டு ஓடையின் நீரேந்து பரப்பு வரையறுக்கப்படுகின்றது. அடுத்து சரிவின் அளவு, மண்ணின் தன்மை, நிலப் பயன்பாடு, பாலங்களினதும் மதகுகளினதும் கொள்ளளவு ஆகியன பதியப்படுகின்றன. நீண்டகால மழைப் பதிவுகளும், முன்னைய வெள்ளங்கள் எட்டிய மட்டங்களும் அவற்றுடன் சேர்க்கப்படுகின்றன. இதன் பின்னரே எந்த நிலம் அபாயமானது, எது பாதுகாப்பானது என்ற வலயங்கள் குறிக்கப்படுகின்றன.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டியுள்ளது. 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பது பொருளல்ல. ஒவ்வொரு வருடமும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது வருடங்கள் ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பம் அத்தகைய வெள்ளத்தைச் சந்திக்க ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கின்றது.

நமது நாட்டில் இத்துறையில் எதுவுமே நடைபெறவில்லை எனக் கூறிவிட முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 ஆம் ஆண்டில் மண்சரிவு அபாய வரைபடப் பணியை ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. 24 மணி நேரத்தில் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்ற வரம்புகளும் நடைமுறையில் உள்ளன. களனி, களு போன்ற பெரிய கங்கைகளின் வெள்ள மட்டங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் கண்காணித்து வருகின்றது. ஆயினும், மலைநாட்டுச் சிற்றோடைகள் அந்தளவு கவனத்தைப் பெற்றதாக நாம் கருதவில்லை.

அறிவு இருந்தும் உயிர்கள் காக்கப்படாமைக்கு மீரியபெத்தை ஒரு கசப்பான சான்றாகும். கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தின் லயன்கள் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மண்ணில் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை 2005 ஆம் ஆண்டிலேயே விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை எனக் கேட்பது எளிது. எங்கே போவது என்ற அவர்களது கேள்விக்கு அப்போது எவரிடமும் பதில் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலமற்றவர்களிடம் 'இடம்பெயருங்கள்' என்று சொல்வது எச்சரிக்கையாகாது. அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டபோது, கண்டி, நுவரெலியாவுடன் பதுளையும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளி, கிராமத்து விவசாயி, நகரத்து வியாபாரி என்ற பேதத்தையோ, தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதத்தையோ வெள்ளம் பார்க்கவில்லை.

எனவே மூன்று விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவது, வரைபடம் நீரேந்து பரப்பை அலகாகக் கொண்டு தயாரிக்கப்பட வேண்டும். தோட்ட எல்லையிலோ கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லையிலோ ஓடை நின்றுவிடுவதில்லை. தோட்ட அலுவலகங்களில் பேணப்படும் மழைப் பதிவேடுகளும், எந்த வருடத்தில் எந்த லயனின் வாசற்படி வரை நீர் வந்தது என்பதை அறிந்த முதியோரின் நினைவுகளும் அதற்குப் பயன்பட வேண்டும். இரண்டாவது, அது எளிய தமிழிலும் அமைந்து, லயன் சந்தியிலும், கோயிலிலும், பள்ளிவாசலிலும், பாடசாலையிலும் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். தனது வீடு எந்த வலயத்தில் உள்ளது, இரவில் எந்தப் பாதையால் எங்கு செல்வது என்பதை ஒரு பாடசாலை மாணவியும் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, சிவப்பு வலயத்தில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான மாற்றுக் காணி உரித்துடன் வழங்கப்பட வேண்டும்.

மூன்றாவது நிறைவேறாதவரை முதலிரண்டும் அலுமாரியில் உறங்கும் காகிதங்களாகவே இருக்கும். மீரியபெத்தையில் தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் வீடுகள் கிடைத்தது அனர்த்தம் நிகழ்ந்த பின்னரே ஆகும். அந்த வரிசையை மாற்றி, வீட்டை முன்னும் மழையைப் பின்னும் வைப்பதே ஆட்சியாளர்களினதும் தோட்டக் கம்பனிகளினதும் கடமையாகும்.