தூரத்தை அழித்த கோடுகள்

1969 டிசம்பரில் அர்பாநெட்டில் இருந்தவை நான்கே கணுக்கள். அதைக் காட்டும் ஒரு கைவரைபடம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. நான்கு வட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அங்கிருந்த கணினியின் பெயர், நடுவே கோடுகள். கலிஃபோர்னியாவின் மூன்று கணுக்களும் ஒரு முக்கோணம். யூட்டா மட்டும் ஒற்றைக் கோட்டில் தொங்குகிறது. எத்தனை மைல், எந்த மலைக்கு அந்தப் பக்கம் என்றெல்லாம் படம் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு கோடு அறுந்தால் யூட்டா போச்சு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இந்தத் துணிச்சல் அதற்கும் முந்தையது. 1933-இல் வெளியான லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் ஹாரி பெக் தூரத்தைத் தூக்கி எறிந்தார். தெருக்கள் போயின, வளைவுகள் போயின. தேம்ஸ் நதி மட்டும் மிஞ்சியது. பயணிக்கு வேண்டியது எங்கே மாறி ஏறுவது என்பதுதானே?

இதே கேள்வியை சிஸ்கோ 1993-இல் தொடங்கிய சிசிஐஇ செய்முறைத் தேர்வு வேறு விதமாகக் கேட்டது. ஆரம்பத்தில் இரண்டு நாள் நடந்த தேர்வு 2001-இல் ஒரே நாளாக, எட்டு மணிநேரமாகச் சுருங்கியது. வரைவதற்கென்று மதிப்பெண் கிடையாது. அப்புறம் ஏன் தாளும் வண்ணப் பென்சிலுமாக நேரத்தைச் செலவழிக்க வேண்டும்?

ஓர் உதாரணம். ரிப் ஓடும் பகுதியையும் ஓஎஸ்பிஎஃப் ஓடும் பகுதியையும் இரண்டு ரவுட்டர்கள் இணைக்கின்றன. ரிப் தந்த பாதையை முதல் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்-க்குள் விடுகிறது. இரண்டாவது ரவுட்டருக்கு அதே பாதை இரண்டு வழியாகவும் வருகிறது. ரிப்பின் நம்பக எண் 120, ஓஎஸ்பிஎஃப்பின் எண் 110; குறைந்த எண்ணே வெல்லும். எனவே அது சுற்றுவழியை நம்பி, அதையே திரும்ப ரிப்புக்குள் அனுப்புகிறது. பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கலாம். கட்டளைகளை வரிவரியாகப் படித்தால் எதிலும் தவறு இருக்காது. இரண்டு பகுதிகளையும் இரண்டு நிறத்தில் வரைந்தால், நிறங்கள் இரண்டு இடத்தில் தொட்டுக்கொள்வது கண்ணில் படும். அங்கேதான் வடிகட்டி போட வேண்டும்.

அதனால் தேர்ந்தவர்களின் படம் அழகாக இருக்காது, சிக்கனமாக இருக்கும். சுவிட்சுகளும் விலான்களும் ஒரு தாளில், ஐபி முகவரிகளும் ரவுட்டிங்கும் இன்னொன்றில். இரண்டையும் ஒரே படத்தில் திணித்தால் இரண்டுமே கெடும். பொதுவான முகவரிப் பகுதியை மேலே ஒருமுறை எழுதிவிட்டு, கோட்டின் முனைகளில் கடைசி எண்ணை மட்டும் போட்டால் போதும். பிஜிபி-க்கு ஒரு நிறம், அவ்வளவுதான்.

தேர்வு முடிந்ததும் அந்தத் தாளை வெளியே கொண்டுபோக முடியாது. அதில் நஷ்டமும் இல்லை. எதை விட வேண்டும் என்று தீர்மானித்தபடி கோடு போட்ட அந்தச் சில நிமிடங்களில், வலைப்பின்னல் ஏற்கெனவே தலைக்குள் வந்திருக்கும்.