நன்றி: கூகுள்

தேக்காவின் பழைய படம் ஏதாவது வாட்ஸ்அப்பில் வந்தால், கீழே 'நன்றி: கூகுள்' என்றிருக்கும். கூகுளா கேமராவைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நின்றது?

1867இல் சிங்கப்பூரில் ஸ்டூடியோ திறந்த ஜி.ஆர். லாம்பர்ட் ஐரோப்பா திரும்பிய பிறகும், படங்கள் அவர் பெயரிலேயே வெளிவந்தன. எடுத்த கை ஒன்று, பெயர் இன்னொன்று.

1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டது: படம் எடுத்தவருக்கே உரிமை. பொதுவில் பயன்படுத்தினால் அவர் பெயரையும் சொல்லணும். பெயர் போட்டாச்சு என்றால் போதாது, அனுமதி தனி.

சட்டத்துக்காக மட்டுமில்லை. யார் எடுத்தது என்று தெரிந்தால்தான் எப்போது, எங்கே என்று விசாரிக்க முடியும். பெயரை வெட்டிய படம் அழகாக இருக்கும், சாட்சி சொல்லாது.