அடையாறு (மேற்பகுதி): நீர்த்தர மதிப்பீடு
ஒரகடத்துக்குக் கிழக்கே ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீரைப் பெறும் அடையாறு, முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியே சென்னைக்குள் நுழைகிறது. வழிநெடுக வீட்டுக் கழிவுநீர் கலக்கிறது. அதன் பாதிப்பை அறிய முதலில் பார்க்க வேண்டியது கரைந்த ஆக்சிஜன். குமிழி சேராமல் குப்பியில் நீர் பிடித்து, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விடுவார்கள். பழுப்பு வீழ்படிவு விழுந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் நீர் மூச்சற்றுவிட்டது. குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு ஆக்சிஜன் 5 மி.கி.யாவது இருக்க வேண்டும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மலக் கோலிஃபார்ம் வரம்பு 100 மி.லி.க்கு 2,500. மழைவெள்ளம் கழிவை நீர்க்கச் செய்துவிடும். ஆகவே கோடை மாதிரியைத் தவிர்த்த எந்த மதிப்பீடும் ஆற்றுக்கு நியாயம் செய்யாது.