‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ திரைப்படமும் சேலம், நாமக்கல் வட்டார வரலாற்று நினைவும்

முன்னுரை

தலைவர் ஒருவரின் வாழ்க்கையைக் கூறும் நெடிய திரைப்படம் குறித்துப் பார்வையாளர் சொல்லும் கருத்துகளைத் திரைத் திறனாய்வின் எல்லைக்குள் வைத்தே நோக்குவது நம் ஆய்வுலகின் வழக்கமாக உள்ளது. நடிப்புச் சிறப்பு, படத்தின் நீளம், காட்சியமைப்பு ஆகியன பற்றிய கருத்துகளுக்கு அவ்வெல்லை போதுமானது. ஆனால் காந்தியடிகளைப் படம் குறைத்துக் காட்டுகிறது என்று ஒருவரும், அம்பேத்கரின் சினத்தைப் படம் மென்மையாக்கிவிட்டது என்று மற்றொருவரும் கூறும்பொழுது அவை திரைப்படம் பற்றிய கருத்துகளாக நின்றுவிடுவதில்லை. அவை 1932ஆம் ஆண்டைப் பற்றிய தீர்ப்புகள். ஜப்பார் படேல் இயக்கிய ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ என்னும் திரைப்படத்தை முன்வைத்து, இத்தகைய தீர்ப்புகள் சேலம், நாமக்கல் சமவெளியில் எந்த வரலாற்று நினைவின்மேல் எழத்தக்கன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

படம் தமிழுக்கு வந்த வழி

இப்படம் ஆங்கிலத்தில் எடுக்கப்பெற்றது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. நடுவண் அரசின் சமூக நீதி அமைச்சகமும் மகாராட்டிர அரசும் பொருளுதவி செய்ய, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உருவானது. அம்பேத்கராக நடித்த மம்மூட்டிக்கு 1998ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருது, அஜய் தேவ்கனுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஆங்கில மொழிப் படத்துக்கான விருதும் கலை இயக்கத்துக்கான விருதும் இப்படத்துக்கே கிடைத்தன. இவ்வளவு ஏற்பு பெற்றும், தமிழ் ஒலிமாற்றப் படி திரையரங்குகளுக்கு வர 2010 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. முற்போக்கு எழுத்தாளர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் படத்தை வெளியிடுமாறு தொடர்ந்து வலியுறுத்தின.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஞான ராஜசேகரன் இயக்கிய ‘பெரியார்’. சத்யராஜ் நடித்த அப்படமும் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது. தமிழக அரசு அதற்கு 95 இலட்சம் ரூபாய் வழங்கியது. 2007 மே முதல் நாள் அது வெளியாயிற்று. ஒரே மாநிலத்தில் ஒரு தலைவரின் படம் அரசின் அரவணைப்புடன் அரங்கேற, மற்றொரு தலைவரின் படம் நீதிமன்றப் படியேறி வர வேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டை விநியோகச் சிக்கல் என்று மட்டும் விளக்கிக் கடந்துவிட இயலாது. அம்பேத்கரை ஒரு வகுப்பாரின் தலைவராக மட்டும் கண்ட மனநிலைக்கும் இதில் பங்குண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

இத்தாமதம் பார்வையாளர் கருத்தின் தன்மையையே மாற்றியது. திங்களுக்கு நான்கு புதிய படங்களுள் ஒன்றாக வந்திருந்தால் இப்படம் பெற்றிருக்கக்கூடிய வரவேற்பு வேறு. பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் வந்த படத்தைக் காணச் செல்வதே ஒரு நிலைப்பாடு ஆயிற்று. படம் பார்ப்பதற்கு முன்பே கருத்து உருவாகிவிடுவது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. ஸ்பைக் லீயின் ‘மால்கம் எக்ஸ்’ 1992இல் வெளியாவதற்கு முன்னரே, கவிஞர் அமிரி பராக்கா உள்ளிட்டோர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். மால்கமை யார் சொல்லலாம், எவ்வாறு சொல்லலாம் என்பதே அங்கு எழுந்த வினா. அம்பேத்கர் படத்தைப் பொறுத்தவரை தமிழகத்தில் எழுந்த வினா அதனினும் எளியது. அவரை நாங்கள் காணலாமா என்பதே அது.

சமவெளியின் முன்நினைவு

படத்தின் களங்கள் நியூயார்க், இலண்டன், மும்பை, மகாடு, நாசிக், புனா, தில்லி, நாகபுரி. தென்னாடு அதன் மையத்தில் இல்லை. ஆயினும் அப்படம் காட்டும் போராட்டங்களின் தென்னக முகங்கள் பலவற்றை இச்சமவெளியில் காண முடிகிறது.

முதலாவது தண்ணீர். 1927 மார்ச்சில் மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தொண்டர்களும் நீர் அருந்திய நிகழ்ச்சி படத்தின் உணர்வுமிக்க பகுதிகளுள் ஒன்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1917 முதல் 1919 வரை, இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அக்காலத்தில் அக்கிரகாரத்துக் குடிநீர்க் குழாய்ப் பணிக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஒருவர் அமர்த்தப்பட்டதும், அங்குள்ளோர் அதனை எதிர்த்ததும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இடம்பெறும் செய்திகள். இரண்டும் ஒரே வகையின அல்ல. சேலத்தில் நிகழ்ந்தது அதிகாரத்தில் இருந்த ஒருவரின் சீர்திருத்தம். மகாட்டில் நிகழ்ந்தது உரிமை மறுக்கப்பட்டோர் தாமே எடுத்துக்கொண்ட உரிமை. காந்திய மரபில் வளர்ந்த சேலத்துப் பார்வையாளர் மகாடு காட்சியை முன்னதன் தொடர்ச்சியாகக் காண்பதும், தலித் பார்வையாளர் அதனை முன்னதற்கான மறுப்பாகக் காண்பதும் இயல்பே.

இரண்டாவது உடனுண்ணல். இராசிபுரத்தில் பிறந்த பி. வரதராஜுலு நாயுடு, சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டதை எதிர்த்து 1924, 1925ஆம் ஆண்டுகளில் கிளர்ச்சி செய்தார். பெரியார் காங்கிரசை விட்டு விலகியதன் பின்னணியில் இப்பூசலும் ஒன்று. அதே 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய மூன்றும் அதன் பணிகள். ஆகவே தீண்டாமை என்பது இப்பகுதி மக்களுக்குத் திரைப்படம் கற்றுத்தந்த பொருளன்று. அதனை யார் எவ்வாறு ஒழிப்பது என்ற வழக்கும் இங்குப் பழையது.

மூன்றாவது புனா ஒப்பந்தம். இதைச் சற்று விரிவாகக் காண்பது தேவை. 1932 ஆகஸ்டு வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதிகளாக அளித்தது. அவற்றுள் 18 சென்னை மாகாணத்துக்கு உரியவை. செப்டம்பர் 20இல் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். 24ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால் தனி வாக்காளர் முறை நீங்கியது. ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் முதல்நிலைத் தேர்தலில் நால்வரைத் தெரிவு செய்வர். அந்நால்வருள் ஒருவரைப் பொது வாக்காளர் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர் என்பது புதிய ஏற்பாடு. ஒப்பந்தத்தில் தமிழகத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, இராஜாஜி ஆகியோர் ஒப்பமிட்டனர். இராஜாஜி மகிழ்ச்சி மிகுதியால் அம்பேத்கருடன் தம் எழுதுகோலை மாற்றிக்கொண்டார் என்பது புகழ்பெற்ற செய்தி.

எழுதுகோல் மாறியதைத் திரைப்படங்கள் காட்ட விரும்பும். தொகுதிப் பட்டியலை எந்தத் திரைப்படமும் காட்டாது. மூன்று மணி நேரமும் போதாது என்பதன்று காரணம். நோன்பிருக்கும் ஒருவர், இசைவு தர வற்புறுத்தப்படும் மற்றொருவர் என்ற நாடக அமைப்பு கணக்கை ஏற்பதில்லை. விளைவாக, பார்வையாளர் கருத்தும் இருவருள் யார் பெரியவர் என்ற வினாவில் சிக்கிக்கொள்கிறது. பேராளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம் சென்றது என்பதே 1932இன் உண்மையான வழக்கு. 1946 தேர்தலில் முதல்நிலையில் அம்பேத்கரின் பட்டியல் வகுப்பினர் கூட்டமைப்பு பெற்ற வாக்குகளுக்கும், இறுதி முடிவில் அது அடைந்த தோல்விக்கும் இடையிலிருந்த இடைவெளியை அவர் சான்றாக முன்வைத்தது இதனால்தான்.

இவ்வழக்கு சமவெளியில் ஏட்டுச் செய்தியாக இல்லை. தமிழ்ப்படி வெளியான நான்கு திங்களில், 2011 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. தொகுதி மறுவரையறையின்படி நடந்த முதற் சட்டமன்றத் தேர்தல் அது. நாமக்கல் மாவட்டத்து இராசிபுரமும் சேலம் மாவட்டத்துக் கங்கவல்லியும் அப்போது பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளாக வாக்களித்தன. பல தேர்தல்களில் தனித்தொகுதியாக இருந்த இராசிபுரம் மக்களவைத் தொகுதியோ மறைந்து, நாமக்கல் என்னும் பொதுத்தொகுதி வந்திருந்தது. தனித்தொகுதி உறுப்பினரைத் தேர்வதில் பிற வகுப்பினரின் வாக்கே பெரும்பான்மை என்பதை ஒவ்வொரு தேர்தலிலும் காணும் வாக்காளர், திரையில் புனா ஒப்பந்தக் காட்சியைக் காணும்போது பழங்கதையைக் காண்பதில்லை. அம்பேத்கர் அரைமனத்துடன் ஒப்பமிடும் காட்சியை அவர் தம் வாக்குச்சீட்டோடு சேர்த்தே படிக்க முடியும்.

சுப்பராயனும் ஆலய நுழைவும்

காந்தி, அம்பேத்கர் ஆகிய இருவரை மட்டும் எதிரெதிர் நிறுத்தும் கருத்துகளுக்குள் அடங்காதவர் திருச்செங்கோடு வட்டாரத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் பி. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். புனா ஒப்பந்தத்துக்குப் பின், 1932 நவம்பரில், ஆலய நுழைவுக்குச் சட்டம் வேண்டுமென்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதனை ஒட்டிய மசோதாவை அறிமுகப்படுத்த அரசப்பிரதிநிதி 1933 ஜனவரியில் இசைவு மறுத்தார். நடுவண் சட்டமன்றத்தில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவுக்கு மட்டும் வழி திறந்தது. அதனை ஆதரிக்குமாறு கேட்கப்பட்டபோது அம்பேத்கர் 1933 பிப்ரவரியில் மறுத்துவிட்டார். தீண்டாமையைப் பாவம் என்று அம்மசோதா கூறவில்லை. நுழைவைப் பெரும்பான்மையோரின் விருப்பத்துக்கு விட்டது. கல்வியும் பதவியும் வாழ்க்கை வசதியுமே தம் மக்களின் முதல் தேவை என்பன அவருடைய காரணங்கள்.

காலாராம் கோயில் போராட்டத்தைத் திரையில் கண்டு உருகும் பார்வையாளருக்கு இம்மறுப்பு வியப்பளிக்கலாம். கோயிலுக்காகப் போராடியவரே கோயில் மசோதாவைத் தள்ளினார் என்பது முரணாகத் தோன்றும். நாசிக்கில் அவர் கேட்டது சமத்துவ உரிமை. சட்டமன்றத்தில் அளிக்கப்பட்டதோ பிறர் வாக்களித்துத் தரும் அனுமதி என்று பிரித்துணர்ந்தால் முரண் நீங்கும். சுப்பராயனின் முயற்சி நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நேர்மையான சீர்திருத்தரையும் கடந்து அம்பேத்கர் ஏன் நடந்தார் என்பதைப் புரிந்துகொள்ளக் காந்தியடிகளைவிடச் சுப்பராயனே நல்ல சான்று. மகானோடு முரண்பட்டார் என்ற மனச்சுமை இங்குக் குறுக்கிடுவதில்லை.

சேலம் 1944

1944 ஆகஸ்டு 27இல் சேலத்தில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அடுத்த திங்களில் சென்னைக்கு வந்த அம்பேத்கர், நீதிக்கட்சியின் வீழ்ச்சிக்கான காரணங்களை வெளிப்படையாக ஆராய்ந்து உரையாற்றினார். பதவிப் பங்கீட்டில் முனைந்த கட்சி உழவரையும் எளியோரையும் மறந்தது என்ற பொருள்பட அவர் பேசினார். ‘பெரியார்’ படத்தையும் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படத்தையும் மூன்றாண்டு இடைவெளியில் காண நேர்ந்த சேலத்துப் பார்வையாளருக்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே வரலாற்றின் அடுத்தடுத்த பக்கங்கள். திரையிலோ இரண்டு தலைவர்கள், இரண்டு தனிப்படங்கள். ஒருவர் மற்றவரின் அரசியலைத் திறனாயும் இடம் வாழ்க்கை வரலாற்றுப் படங்களின் இலக்கணத்தில் இல்லை.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் தந்தது. மு. கருணாநிதி உரையாடல் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950இல் வந்தது அங்கிருந்துதான். அடுக்குமொழி உரையாடலில் அரசியலைக் கேட்டுப் பழகிய செவிகள் இவ்வட்டாரச் செவிகள். ஒலிமாற்றப் படத்தின் அடங்கிய குரல் அவற்றுக்கு மெதுவாகவும் வறட்சியாகவும் தோன்றக்கூடும். படம் நீளம் என்ற கருத்தைப் பொறுமையின்மை என ஒதுக்குவதைவிட, அம்பேத்கர் அரசியலைத் தமிழ் மேடைமொழி இன்னும் தன்வயமாக்கிக்கொள்ளாததன் அறிகுறியாகக் கொள்வது பொருந்தும். அம்மொழியை அக்காலத் தலித் இதழ்களிலும், சேலம், நாமக்கல் ஊர்களில் ஏப்ரல் 14ஆம் நாள் நடைபெறும் கூட்டங்களின் உரைகளிலும் தேடுவது இவ்வாய்வின் அடுத்த கட்டம்.